பந்தக்கால் துளிர்த்த மூலை

என் மாமியாரை நான் முதன்முதலாக நன்றாகப் பார்த்தபோது, அவர் எங்கள் வீட்டுப் புழக்கடையில் கணுக்கால் வரை சேற்றில் நின்றுகொண்டிருந்தார்.

போன வாரம் இந்தப் பத்தியில், கோலாலம்பூரில் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டின் முன்பக்கத்தைப் பற்றியும், ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா அதைப் பலகை பலகையாகச் சேர்த்துக் கட்டிய கதையையும் எழுதியிருந்தேன். பின்பக்கம் போகாமலே நிறுத்திக்கொண்டேன். அது பழக்கதோஷம். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த யாரையும் நாங்கள் பின்பக்கம் விடுவதில்லை.

அன்றைக்கும் விடுவதாக இல்லை. கிள்ளானிலிருந்து ரயிலேறி என்னை நிச்சயம் பண்ண வந்திருந்தார்கள். மாப்பிள்ளையை நான் ஜன்னல் இடுக்கில் பார்த்து, எனக்குள் சம்மதம் சொல்லி முடித்திருந்தேன். சாப்பாடு முடிந்ததும் அவருடைய அம்மா கை கழுவ எழுந்தார். அம்மா செம்பும் தாம்பாளமுமாக முன்னறைக்கு ஓடி வந்தாள்.

"எதுக்கு தங்கச்சி சிரமம்? நான் கெணத்தடிக்கே போறேன்" என்று சொல்லிவிட்டு, அவர் சமையலறை வழியாக நேரே நடந்து போய்விட்டார்.

கிணற்றுக்குப் போக அப்பா இரண்டு பலகைகளைப் போட்டு வைத்திருந்தார். எந்த ஓரத்தில் மிதிக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். வந்தவருக்குத் தெரியுமா? இரண்டாவது பலகை சாய்ந்தது, மனுஷி உள்ளே போய்விட்டார்.

அவர் கூச்சல் போடவில்லை. ஒரு காலை உருவி எடுத்துப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்திப் புழக்கடை முழுவதையும் பார்த்தார். மழைத் தண்ணீர் குட்டை குட்டையாக நின்றது. வடகிழக்கு மூலையில் இருந்த பெரிய குட்டையில் ஒரு தேரை உட்கார்ந்திருந்தது.

"பெரியவளோட பந்தக்கால அங்கதான நட்டீங்க?" என்று கேட்டார்.

அம்மா தலையை ஆட்டினாள்.

"அழுகிப் போச்சுன்னு கேள்விப்பட்டேன்."

அம்மா கையிலிருந்த செம்பைப் படியில் வைத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க தங்கச்சி. பொண்ண எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா கல்யாணத்த கிள்ளான்ல எங்க வீட்டுலயே வச்சுக்குவோம். இந்த எடத்துல கால் நட எனக்கு மனசு வரல."

பின்னாலேயே வந்த அப்பாவின் முகம் சுருங்கிப் போனது.

எங்கள் வழக்கம்

இதைப் படிக்கும் பிள்ளைகளில் பலர் கல்யாண மண்டபத்தில் கல்யாணம் பண்ணிக்கொண்டவர்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

எங்கள் ஜனங்களில் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நல்ல நாளில், பச்சை முள்முருங்கைக் கிளை ஒன்றை வெட்டி வந்து, மஞ்சள் பூசி, பெண் வீட்டு வடகிழக்கு மூலையில் நடுவார்கள். அதுதான் பந்தக்கால். இங்கே மலாய்க்காரர்கள் அந்த மரத்தை டெடாப் என்பார்கள். நாம் கல்யாண முருங்கை என்றே பெயர் வைத்துவிட்டோம். சுமங்கலிகள் வரிசையாக வந்து பாலும் தண்ணீரும் ஊற்றுவார்கள். கல்யாணம் முடிந்தாலும் அதைப் பிடுங்குவதில்லை. துளிர்த்தால் தம்பதிகள் தழைப்பார்கள் என்பது நம்பிக்கை. துளிர்க்காவிட்டால் என்ன என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மனசுக்குள் வைத்துக்கொண்டு, சமயம் வரும்போது எடுப்பார்கள்.

என் அக்கா அஞ்சலையின் கல்யாணத்தில் நட்ட பந்தக்கால் துளிர்க்கவில்லை. கறுத்து, கொழகொழத்து, ஒருநாள் தானாகச் சாய்ந்தது. அக்காவின் புருஷன் ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. நல்ல மனுஷன், சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை, குளிர்காய்ச்சலில் போய்விட்டார். அக்கா ஒரு தகரப் பெட்டியோடு பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பி வந்தாள்.

அந்த வட்டாரத்தில் எத்தனையோ பேர் காய்ச்சலில் செத்தார்கள். ஆனால் எங்கள் தெருவுக்கு அழுகின கால்தான் காரணம். "அவ ராசி அப்பிடி" என்று பாசார் கடைத்தெரு வரைக்கும் பேச்சு போய்விட்டது. அக்கா காதில் விழும்படியாகவே சொல்வார்கள்.

இப்போது அப்பாவின் நிலைமை புரிந்திருக்கும். தன் பெண்களைத் தன் வாசலிலிருந்து கட்டிக்கொடுக்க வேண்டும் என்றுதான் அவர் அந்த வீட்டைக் கட்டினார். கிள்ளானில் கல்யாணம் என்றால், ஏன் என்று ஊர் கேட்கும். அஞ்சலை ராசி என்று ஊரே பதிலும் சொல்லிக்கொள்ளும். மாட்டேன் என்றால் என் சம்பந்தம் போய்விடும். என் மனசோ ஏற்கெனவே கிள்ளானுக்கு ரயிலேறியிருந்தது.

அப்போதுதான் அக்கா சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். நிச்சயம் பண்ண வந்தவர்கள் முன்னால் வர வேண்டாம் என்று அம்மா அவளிடம் சொல்லி வைத்திருந்தாள். அதைச் சொல்லும்போது அம்மா அழுதாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"அத்தை, இந்த மூலையிலயே ஒரு கெளை துளிர்த்தா?" என்று கேட்டாள் அக்கா.

அவர் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார்.

"துளிர்த்தா எனக்கென்ன வழக்கு? இங்கேயே வச்சுக்கலாம். தை மாசம் வரைக்கும் நேரம் கெடக்கு" என்றார். குரலில் பாதி கேலி இருந்தது. அக்கா கேலியைத் தள்ளிவிட்டு வாக்கை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

செங்கல்லுக்குப் பிறந்த மண்

பிரிக்பீல்ட்ஸ் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பெயரிலேயே செங்கல் இருக்கிறது. கோலாலம்பூரின் கட்டடங்களுக்கெல்லாம் அங்கேதான் கல் அறுத்துச் சுட்டார்கள். செங்கல்லுக்கு உகந்த மண் செடிக்கு ஆகுமா? வெயிலில் பாறையாக இறுகிக் கிடக்கும். மழை பெய்தால் பசை. சாயங்காலம் தவறாமல் மழை வந்துவிடும் ஊரில் அது என்றைக்குக் காய்வது?

அம்மா அதில் கீரை விதைத்துப் பார்த்தாள். கத்தரி வைத்தாள். ஊரிலிருந்து வந்த யாரோ கொடுத்த அவரை விதையைச் சாமி கும்பிட்டுவிட்டு ஊன்றினாள். எல்லாம் இரண்டு இலை விட்டு மஞ்சளாகிப் படுத்துவிடும். "இந்த மண்ணுக்கு வாயே கெடையாது, தின்னாது, தின்னவும் விடாது" என்று திட்டிக்கொண்டே மறுபடியும் விதைப்பாள். என் அம்மாவின் பிடிவாதம்தான் அக்காவுக்கும் வந்தது. அக்காவிடம் கூடவே கொஞ்சம் யோசனையும் இருந்தது.

மிதந்த தேங்காய் நார்

மறுநாள் சாயங்காலம் மழை பிடித்ததும் அக்கா சமையலறை வாசற்படியில் உட்கார்ந்தாள். மடியில் தேங்காய் நார். ஒவ்வொரு பிசிறாகப் பிய்த்துக் குட்டையில் போட்டாள். அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நனைந்தபடியே போய், நார் ஒதுங்கிய இடத்தில் ஒரு மூங்கில் குச்சியை ஊன்றிவிட்டு வந்தாள்.

"பைத்தியம் பிடிச்சிருச்சா இவளுக்கு?" என்று அம்மா என்னிடம் கிசுகிசுத்தாள்.

அடுத்த மழைக்கும் அதே வேலை. சில நாளில் புழக்கடை முழுக்கக் குச்சிகள். அவை ஒரு வளைந்த கோடாக நின்றன. வடகிழக்கு மூலையில் தொடங்கி, வேலியோரமாக வந்து, வீட்டின் பக்கவாட்டில் இறங்கி, ரோட்டோரக் கால்வாயில் முடிந்தது அந்தக் கோடு. தண்ணீர் எங்கே போக விரும்புகிறது என்று அது அக்காவிடம் சொல்லிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது.

"ஜெஞ்சாரோம் பக்கம் மரம் நடுறதுக்கு முன்னாடி கான் வெட்டுவாங்க" என்றாள் அக்கா. தண்ணீர் வடிய வெட்டும் வாய்க்காலுக்குத் தோட்டத்தில் கான் என்று பெயர். "கான் இல்லாம ஒரு குச்சி ஊன்ற மாட்டாங்க. அவரு தெனமும் சொல்லுவாரு, இங்க மழைக்குக் கொறச்சல் இல்ல, வழிக்குத்தான் கொறச்சல்னு."

புருஷனைப் பற்றி அவள் பேசி நாங்கள் கேட்டது வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான். அப்பா மண்வெட்டியைத் தேடப் போய்விட்டார்.

இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு அக்கா வெட்டினாள். வேலை முடிந்து வந்து அப்பா வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் மண் மண்வெட்டியோடு ஒட்டிக்கொண்டு வரும். குச்சியால் வழித்துவிட்டு மறுபடி வெட்ட வேண்டும். கான் அடியில் போடக் கல் வேண்டும் என்றாள். சூளைக்காரர்கள் வேண்டாம் என்று ஓரமாகக் கொட்டியிருந்த உடைசல் செங்கல்லையும், அதிகமாக வெந்து முறுகிப் போனதையும் கேட்டு வாங்கினோம். மண்ணெண்ணெய் டின்னில் நானும் சுமந்தேன்.

"கல்யாணப் பொண்ணு லா, வெயில்ல கறுத்துப் போயிடுவா" என்று அம்மா புலம்பினாள்.

"கறுத்தாப் பரவால்ல. கல்யாணம் நின்னு போனா வெளுத்து என்ன செய்ய?" என்றாள் அக்கா.

அடியில் பெரிய உடைசல், அதன் மேல் சில்லு, அதற்கும் மேல் ரயில் எஞ்சினிலிருந்து கொட்டிய நிலக்கரிக் கசடு. நடந்து போகிற இடத்தில் மட்டும் கானின் மேல் முழுக் கல்லைப் பாவினாள். முதல் மழைக்கு நாங்கள் எல்லாரும் வாசற்படியில் நெருக்கிக்கொண்டு நின்றோம். குட்டை நிரம்பியது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வீட்டுப் பக்கவாட்டில் சலசலவென்று ஒரு சத்தம் கேட்டது. அப்பா சட்டை நனைய ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"போகுதும்மா" என்றார்.

ஊர்ப் பழக்கம்

தண்ணீர் வடிந்த இடத்தில் அக்கா மண்ணைக் கொத்தி, மாட்டுக்கொட்டகை எருவும் கசடும் கலந்து, மூலையில் முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டினாள். சுற்றிச் செங்கல் அடுக்கினாள். அங்கே கிளையை நட வேண்டும் என்றபோது எனக்குப் பயமாகிவிட்டது.

"வேற மூலையில வச்சா என்னக்கா? யாருக்குத் தெரியப் போகுது?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "வேற மூலையில துளிர்த்தா, மூல நல்ல மூலன்னு சொல்லுவாங்க. என்னப் பத்தி சொல்றத மாத்த மாட்டாங்க. அதே எடத்துலதான் துளிர்க்கணும்."

அம்மா கேட்டுக்கொண்டு நின்றாள். கிளையை ஊன்றியதும் வழக்கம்போல மண்ணை அணைத்து, தண்ணீர் நிற்கிற மாதிரி சுற்றிலும் வரப்புக் கட்டக் குனிந்தாள்.

"என்னம்மா செய்றீங்க?"

"பாத்தி கட்டுறேன். தண்ணி நிக்க வேணாமா?"

"என் கல்யாணத்திலயும் கட்டினீங்கள்ல?"

"கட்டினேனே, பெருசா. ஊர்ல அப்பிடித்தான கட்டுவோம்."

"இது ஊராம்மா?"

அம்மாவின் கை மண்ணிலேயே நின்றது. ஊரில் சொட்டுத் தண்ணீருக்கு ஏங்கும் பூமி. அங்கே தண்ணீரைப் பிடித்து வைக்கப் பழகின கை அது. அக்கா கல்யாணத்தில் பசைமண்ணில் குழி தோண்டி, வரப்புக் கட்டி, தெருவிலிருந்த சுமங்கலிகள் எல்லாம் குடம் குடமாக ஊற்றினார்கள். விசேஷம் முடிந்த பிறகும் அம்மா விடாமல் ஊற்றினாள். பெண் நன்றாக இருக்க வேண்டுமே என்று தவறாமல் ஊற்றினாள்.

"அப்ப நாமதான் ஊத்தி ஊத்தியே கொன்னுட்டோமா?" என்று கேட்டாள் அம்மா.

"ஊத்தினது தப்பில்லம்மா. போக வழியில்லாம போச்சு."

அம்மா வரப்பைக் கலைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். காலுக்காக அழுதாளா, மருமகனுக்காக அழுதாளா, இத்தனை நாள் தெருப் பேச்சைக் கேட்டு வாய்மூடி இருந்ததற்காக அழுதாளா, எனக்குத் தெரியாது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, சேற்றுக் கையாலேயே அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

அழுததனால் அம்மா திருந்திவிட்டாள் என்று நினைக்காதீர்கள். கிளையின் தோல் சுருங்கத் தொடங்கியதும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மேடு ஈரமாக இருந்தது. மழை பெய்யவில்லை.

"யாரு தண்ணி ஊத்தினது?" என்று கேட்டாள் அக்கா.

"ஒரு செம்புதான்" என்றாள் அம்மா.

"ஒரு செம்பா?"

"ரெண்டு."

அக்கா எலுமிச்சை முள்ளை வெட்டி மேட்டைச் சுற்றி வைத்துவிட்டாள். பெற்ற தாய்க்கே வேலி போட்ட மகராசி என்று அப்பா சிரித்தார்.

தீபாவளி போனது. கிளை அப்படியே நின்றது. அக்கா அதைப் பார்க்காதவள்போல மற்ற வேலைகளைப் பார்த்தாள். மிஞ்சின செங்கல்லால் கிணற்றடியைச் சுற்றித் தளம் போட்டாள். குளிக்கிற தண்ணீரை ஒரு சின்னக் கானில் திருப்பி வாழைக்கு விட்டாள். கசடு போட்ட பாத்திகளில் பசலை, மஞ்சள், வெண்டை எல்லாம் தலையெடுத்தன. தவளைச் சத்தம் குறைந்தது, கொசுவும் குறைந்தது. தெருப் பெண்கள் வேலி மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, ராசிப் பேச்சைக் கொஞ்சம் ஒத்தி வைத்தார்கள். பசலை இளசாக இருந்ததும் ஒரு காரணம்.

பிறகு ஒரு காலை அப்பா பல் துலக்கப் போனவர் திரும்பி வந்து, மடமடவென்று தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடியும் வெளியே போனார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். கிளையின் கணுவில் பச்சையாக ஒரு புள்ளி, அரிசி மணி அளவுக்கு.

அக்கா அதைத் தொடவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. இன்றைக்கு எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

மறுபடியும் கிள்ளானிலிருந்து

மாமியார் மறுபடி வந்தபோது கை கழுவும் சாக்குகூடச் சொல்லவில்லை. நேரே பின்னால் போனார். செங்கல் பாவிய பாதையை ஒரு காலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த காலை வைத்தார். பட்டவர் அல்லவா.

மூலைக்குப் போய், முள்ளை ஒதுக்கி, கிளையைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். எனக்கு உயிரே போய் வந்தது. கிளை அசையவில்லை. கிள்ளானில் அவருக்கு வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. கொடி படர முள்முருங்கை நட்டு நட்டுப் பழகினவர். இலையை நம்ப மாட்டார், வேரைத்தான் நம்புவார்.

"வேர் விட்டுருச்சு" என்றார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, "அடியில என்ன போட்ட?" என்று கேட்டார்.

அக்கா சொல்லச் சொல்ல அவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். என் கல்யாணத்தைப் பற்றி அன்று பேசியதைவிடக் கசடைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். போகும்போது அப்பாவிடம், "இங்கேயே வச்சுக்கலாம் அண்ணே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

என் பந்தக்கால்

அக்காவின் கிளை வேர்பிடித்த மேட்டிலேயே, ஒரு முழம் தள்ளி, என் பந்தக்காலை நட்டார்கள். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, சுமங்கலிகள் செம்பும் குடமுமாகச் சுற்றி நின்றார்கள். எல்லாருக்கும் ஆசை, எல்லார் குடமும் ததும்பியது.

அக்கா அங்கே இல்லை. இருக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவளாகவே சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள். அவள் கட்டிய மேட்டில் அவளைத் தவிர எல்லாரும் நின்றார்கள். மணைமேல் நின்ற எனக்கு அது உறுத்தியது. வாய் திறக்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

முதல் குடம் சாய்ந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கொஞ்சமா ஊத்துங்க. அம்புட்டும் வேணாம்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நல்ல காரியத்தில் உள்ளேயிருந்து தடை சொல்வதா என்று ஒருத்தி முணுமுணுத்தாள். அம்மா தலை குனிந்தாள்.

மாமியார் கையை நீட்டிக் குடத்தை நிறுத்தினார்.

"உள்ள இருந்துகிட்டு கத்தினா எங்களுக்கு என்ன வெளங்கும்? எவ்வளவு ஊத்தணும்னு வெளிய வந்து காட்டு."

அக்கா வாசற்படியில் வந்து நின்றாள். அதற்கு மேல் வரவில்லை.

"வா அஞ்சலை. நீ ஊத்தினா நாங்க பாத்துக்குவோம்" என்றார் மாமியார். குரலில் இந்த முறை கேலி இல்லை.

அக்கா தான் பாவிய கல் மேல் நடந்து வந்தாள். பால் செம்பை வாங்கினாள். ஒரு கை குழிந்த அளவுக்கு, என் பந்தக்காலின் அடியில் மெல்ல ஊற்றினாள். பால் மண்ணில் இறங்கி மறைகிற வரைக்கும் பார்த்துவிட்டு, "இவ்வளவுதான்" என்றாள். சுமங்கலிகள் ஒவ்வொருவராக அவள் காட்டிய அளவுக்கே ஊற்றினார்கள். மீந்த பாலில் அம்மா பாயசம் வைத்தாள்.

என் கால் துளிர்த்தது. நானும் தழைத்தேன், பிள்ளை குட்டிகளோடு. கல்யாணமான அடுத்த மழைக்காலத்தில் மாமியார் ஆளனுப்பி அக்காவைக் கிள்ளானுக்கு வரவழைத்து, கொடிக்காலுக்குக் கான் வெட்டும் இடம் காட்டச் சொன்னார். இருவரும் மழையில் நனைந்துகொண்டு தேங்காய் நார் மிதக்க விட்டதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

பிரிக்பீல்ட்ஸ் மூலையில் அந்த இரண்டு மரங்களும் வெகுகாலம் நின்றன. பூக்கிற காலத்தில் இரண்டும் ஒன்றாகச் சிவந்துவிடும். வருகிறவர்கள் எது உன் கல்யாண மரம் என்று கேட்பார்கள். சின்னதைக் காட்டுவேன். அப்படியானால் பெரியது எதற்கு நட்டது என்பார்கள்.

அது அஞ்சலையக்காவின் பந்தக்கால் என்பேன். துளிர்க்கக் கொஞ்சம் நாள் எடுத்துக்கொண்டது.